தமிழிற் குடிபுகுந்த வைத்தியர்

1847-ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக்கு வந்துசேர்ந்த இளம் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1823 முதல் செமினரி நடந்துவந்த மிஷன் வளவில் தங்கி, தம்மை ஏற்றுக்கொண்ட ஊராரின் பாஷையைச் சிரத்தையோடு பயிலத் தொடங்கினார். மறு ஆண்டு மானிப்பாய்க்குச் சென்ற அவர், அங்கே மேனாட்டு வைத்திய சாஸ்திரத்தைப் பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்ததோடு, கலைச்சொல் வேண்டியபோது முதலில் தமிழிலும், அதிற் கிட்டாவிடில் சமஸ்கிருதத்திலும் தேடி, இரண்டிலும் அகப்படாதபோது மட்டுமே ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் வரைந்து, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்களைத் தந்தார். உடற்கூற்றியலைக் குறிக்கும் ‘அங்காதிபாதம்’ என்ற அந்த ஒரு சொல்லின் கம்பீரமே அவர் உழைப்புக்குச் சாட்சி. அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்களை உருவாக்கி 1873-இல் தாயகம் திரும்பிய அவருடைய கல்லறைக் கல், அவரைத் தமிழருக்கு வாய்த்த மருத்துவ ஊழியர் என்றே குறிக்கிறது.