வற்றுக்கடலில் ஒரு கோட்டை

வில்லியம் டானியல் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். தந்தையின் சகோதரரான தோமஸ் டானியலுடன் 1792இல் தமிழகம் வந்து மதுரை, தஞ்சைக் கோயில்களைக் கண்ட ஓவியர் அவர். அவருடைய தம்பி சாமுவேலோ இலங்கையை வரைந்து, 1811இல் இங்கேயே இறந்தார்.

1814இல் வில்லியம் பிரிட்டனின் கரையோரத்தைச் சுற்றி வரையப் புறப்பட்டார். 1825இற்குள் 308 படங்கள். செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து, நீர்வண்ணம் போன்ற நிழல் பிடிக்கும் முறை. தகடுகளையும் அவரே செதுக்கினார். என்ன பொறுமை!

அவற்றுள் 1822இல் வந்த ஹோலி ஐலண்ட் படம் என்னை விடுவதில்லை. லிண்டிஸ்பார்ன் என்றும் வழங்கும் அத்தீவுக்குக் கடல் வற்றும்போது மட்டும் மணல்வழி திறக்கும், பெருகினால் மூடிவிடும். 635இல் ஏய்டன் அங்கே துறவிமடம் அமைத்தார். 793இல் வைக்கிங்குகள் வந்து சூறையாடினர். டானியல் படத்துக்குத் தெரிந்தெடுத்ததோ பாறைமேற் கோட்டையை. கலைக்கப்பட்ட மடத்தின் கற்களைக்கொண்டு பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த கோட்டை அது. கடலோடியின் கண்ணுக்கு முதலில் தெரிவது அதுதானே!

செட்டிகுளத்தாருக்கு இது புதிதன்று. மேற்கே மன்னார்த் தீவின் வாயிலிலும் 1560இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை நிற்கிறது. 1990இல் பாலம் தகர்க்கப்பட்டது. புதியது 2010இல்தான் திறந்தது. இடைப்பட்ட இருபது வருடங்கள் அந்தக் கடலைக் கடந்த சனங்களை வரைந்த படம் ஒன்றைத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.