மலையை வரைதல்: கேமரன் மலையும் நிலப்படக் கல்வியும்

1885ஆம் ஆண்டில் பிரித்தானிய நில அளவையாளர் வில்லியம் கேமரன், பகாங்–பேராக் எல்லையை ஒட்டிய மலைத்தொடருக்குள் சென்று, சிகரங்கள் சூழ்ந்த மேட்டுநிலம் ஒன்றைக் கண்டதாக அறிக்கை அளித்தார். அவ்விடத்தைத் துல்லியமாகக் காட்டும் நிலப்படமோ பின்வந்தோர் கைக்கு எட்டவில்லை. மலைக்கு அவர் பெயர் நிலைத்தது. அது இருக்குமிடம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஐயத்திலேயே கிடந்தது. ஐயம் என்பதும் ஆட்சியாளர் பக்கத்தில்தான். அக்காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த செமாய் மக்களுக்கு அங்குள்ள ஆறும் முகடும் நன்கு பழகியவை. அவர்களிடம் இருந்த அறிவு தாளில் ஏறவில்லை. ஆகவே அரசின் கணக்கில் அது அறிவாகவும் எண்ணப்படவில்லை.

1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அம்மலைக்கு வந்த பின்னரே அதனைக் கோடைவாழிடமாகவும் வேளாண் நிலமாகவும் ஆக்கும் திட்டம் உருப்பெற்றது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை 1931இல் முடிவுற்றது. அதன்பின் வரையப்பட்ட நிலப்படங்கள் கேட்ட வினாவே வேறு. எச்சரிவில் தேயிலை நடலாம், எவ்வழியே சாலை ஏறலாம் என்பனவே அவற்றின் கவலை. அச்சரிவுகளில் கொழுந்து பறித்த தமிழர், தாம் உழைத்த நிலத்தை லயம், நிரை, பெரட்டுக்களம் என்று தம் சொற்களால் பிரித்தறிந்தனர். அளவையாளர் தாளில் அச்சொற்களுக்கு இடமில்லை.

மூன்றாவது வினா நீரைப் பற்றியது. தெலோம், பெர்த்தாம் ஆறுகள் இயல்பாகக் கிழக்கே பகாங்கை நோக்கி ஓடுபவை. 1960களின் தொடக்கத்தில் உருவான நீர்மின் திட்டம் சுரங்கக் கால்வாய்களின் வழியே அவற்றின் நீரை மேற்கே பேராக் பக்கம் திருப்பிற்று. ரிங்லெட்டில் சுல்தான் அபூபக்கர் அணை எழுந்தது. சரிவில் எவர் மண்ணைக் கிளறினாலும், அம்மண் இறுதியில் வந்து தங்குமிடம் அந்நீர்த்தேக்கமே என்றாயிற்று. தேயிலைச் செடி வளர்ந்து தரையை மூடிவிட்டால், மழைத்துளி மண்ணை நேரே தாக்காது. காய்கறிப் பாத்திகளிலோ ஆண்டில் பலமுறை மண் திறந்து கிடக்கிறது. பயிரைக் காக்கும் நெகிழிக் கூரைகள் மழைநீரை ஊற விடாமல் ஓடையில் விரைந்து தள்ளுகின்றன. இதற்காக உழவரை மட்டும் குற்றவாளியாக்குவது எளிது. நாம் அதனை ஏற்கவில்லை. அம்மலையின் கீரையை நாட்டின் நகரங்களெல்லாம் உண்கின்றன. சரிவை உழுவதற்கு இசைவளித்தவரும், இசைவின்றி உழுததைக் காணாதிருந்தவரும் உளர்.

2013 அக்டோபர் 23ஆம் நாள் பின்னிரவில், பெருமழையால் நிரம்பிய அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறு கலந்த வெள்ளம் வீடுகளையும் வாகனங்களையும் அடித்துச் சென்றது, உயிர்களும் பறிபோயின. நீர்த்தேக்கத்தில் சேர்ந்த வண்டல், ஆற்றின் கரைவரை நெருங்கிய குடியிருப்பு, மேலே திறந்து கிடந்த சரிவுகள் ஆகிய மூன்றையும் ஒரே படத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அப்போது எத்தனை பேரிடம் இருந்தது?

அவ்வாறு வைத்துப் பார்ப்பதற்கென்றே ஒரு கருவி உண்டு. 1960களில் கனடாவில் ராஜர் டாம்லின்சன் தலைமையில், அந்நாட்டின் நிலவளத்தைக் கணக்கிட உருவாக்கப்பட்டது புவியியல் தகவல் முறைமை. சரிவு, மண், ஆறு, நிலப்பயன்பாடு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனி அடுக்காக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி வினா எழுப்புவதே அதன் முறை. 1972இல் முதல் லாண்ட்சாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2008 முதல் அதன் படங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. மலேசியாவில் தொலையுணர்வுக்கெனத் தனி நடுவம் 1988இல் அமைந்தது. 2002இல் தொடங்கிய கியூஜிஐஎஸ் என்னும் கட்டற்ற மென்பொருள், பணம் கொடாமலேயே ஒரு பள்ளியின் கணினியில் இயங்கும். ஆகவே செலவு என்பது இன்று பெருந்தடையன்று.

தமிழர்க்கு இக்கல்வியோடு உள்ள உறவும் பழையது. மைக்கேல் டாப்பிங் சென்னையில் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியே பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. 1802இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். இரண்டும் ஆள்வோரின் தேவையிலிருந்து பிறந்தவை. வரி, எல்லை, படை ஆகியவற்றுக்காக நிலத்தை அளந்தவை. சங்கிலி பிடித்தவர் பலர் உள்ளூரார். வினாவைக் கேட்டவர் அவர்கள் அல்லர்.

கேமரன் மலையின் தோட்டங்களிலும் சிறு நகரங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அம்மாணவரும், அங்கிருந்து இடைநிலைப் பள்ளிக்குச் செல்வோரும், வினாவைத் தாமே கேட்கக் கற்க வேண்டும் என்கிறோம். கற்பித்தலில் கவனிக்கத்தக்கவை சில. மலையை மேகம் மூடும் நாள்கள் மிகுதி; சாதாரணச் செயற்கைக்கோள் படத்தில் பாதி வெண்மையாகவே இருக்கும். ரேடார் அலையே மேகத்தை ஊடுருவும். நெகிழிக் கூரையும் நகரக் கட்டடமும் மேலிருந்து பார்க்கையில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். எனவே கைக்கருவியுடன் நடந்து சென்று ஒவ்வோரிடத்தையும் சரிபார்க்காமல் எந்த அடுக்கையும் நம்பலாகாது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு: எந்தச் சரிவில் மழைக்குப் பின் மண் இறங்கும், எந்த மதகு முதலில் அடைபடும் என்பதைச் சொல்லத் தெரிந்த பாட்டி பல வீடுகளில் இன்னும் இருக்கிறார்.

இங்கேதான் மொழியின் பணி வருகிறது. சமவுயரக் கோடு, நீர்ப்பிடிப்புப் பகுதி, தொலையுணர்வு என்னும் கலைச்சொற்கள் நம்மிடம் உள்ளன; அவை நூலோடு நின்றுவிடாமல் வகுப்பிலும் புழங்க வேண்டும். மறுபுறம், நிரை என்னும் தோட்டச் சொல்லுக்கு எந்த அகராதியையும் தேட வேண்டியதில்லை. சரிவுக்குக் குறுக்கே, சமவுயரக் கோட்டை ஒட்டி நட்ட நிரை ஓடும் நீரின் வேகத்தைத் தடுக்கும். மேலிருந்து கீழாக இறங்கும் நிரை நீருக்கே வழி அமைத்துக் கொடுக்கும். இவ்வேறுபாட்டை மாணவர் தம் படத்தில் இரு நிறங்களாகத் தீட்டி, குறிவிளக்கத்தில் ‘குறுக்கு நிரை’, ‘இறங்கு நிரை’ என்றே எழுதலாம். பெர்த்தாம் பள்ளத்தாக்கின் மேற்சரிவு ஒன்றை எடுத்துக்கொண்டு முதற்படத்தை அவர்கள் வரையட்டும்.