விளிம்பில் வைக்கும் சிப்: ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை

ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அதன் தூண்களைப் பற்றி எழுதிவிடுவார்கள். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது என்பது பலருக்கும் தெரிந்த கதை. எனக்கு அந்தக் கதையில் ஆர்வம் வேறொரு விஷயத்தில். ரயில் பாதையோடு கூடவே நீண்ட தந்திக் கம்பியில்.

ஒற்றைத் தண்டவாளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிரே இரண்டு வண்டிகள் நுழைந்துவிடக் கூடாது. அதற்கு ரயில்வே கண்டுபிடித்த ஏற்பாடுதான் ‘லைன் கிளியர்’. இந்த ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் கம்பி வழியாகக் கேட்பார்: வண்டியை அனுப்பட்டுமா? அவர் தன் பக்கத்துப் பாதை காலிதானா என்று பார்த்துவிட்டுச் சரி சொன்ன பிறகே வண்டி நகரும். விதிகளை எழுதியது தலைமை அலுவலகம். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் முடிவு சொல்கிறவர் அந்தந்த இடத்தில் நிற்கிற ஆள். ஒவ்வொன்றுக்கும் மேலே கேட்டுக்கொண்டிருந்தால் ரயில் ஓடியிருக்காது.

இன்றைக்கு நம்ம துறையில் ‘எட்ஜ் கம்ப்யூட்டிங்’ என்று பெரிதாகப் பேசப்படுவதும் கிட்டத்தட்ட இதுதான். கணக்கை எங்கோ தூரத்து டேட்டா சென்டருக்கு அனுப்பாமல், விஷயம் நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டு முடிப்பது. இதற்கென்றே இன்டெல், ஏஎம்டி, ஆர்ம் முகாம்கள் தனித்தனியாக சர்வர் புராசசர்கள் செய்கின்றன. எது சிறந்தது என்ற சண்டையில் பெரும்பாலும் கோர் எண்ணிக்கையும் பெஞ்ச்மார்க் மதிப்பெண்ணும்தான் அடிபடும். தொலைத்தொடர்பின் பழைய வரலாற்றை வைத்துப் பார்த்தால் கேள்விகள் வேறு. நேரத்துக்கு முடிக்குமா? வெயில் தாங்குமா? எவ்வளவு கரண்ட் குடிக்கும்? யார் முடிவுக்குக் காத்திருக்கும்?

நேரம்

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்திய ரயில்கள் ஓடியது ‘மெட்ராஸ் டைம்’ என்ற கணக்கில். நுங்கம்பாக்கம் வானியல் ஆய்வுக்கூடத்துக் கடிகாரத்தின் நேரம் தந்தி வழியாக நாடு முழுக்கப் போகும். இன்றைய இந்திய நேரத்தைவிட ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கிய நேரம் அது. 1906இல் இந்தியப் பொது நேரம் வந்த பிறகே மெட்ராஸ் கடிகாரத்தின் ஆட்சி முடிந்தது. முடிவு அந்தந்த இடத்தில், கடிகாரம் மட்டும் பொதுவில் என்பதுதான் அன்றைய ஏற்பாடு.

இன்றைய செல்போன் வலைப்பின்னலும் அப்படியே. நம் ஊரில் 3.3 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடும் 5ஜியில், அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும். ஒரு டவர் பேசும்போது பக்கத்து டவர் கேட்டுக்கொண்டிருந்தால் அதற்குக் காது அடைத்துவிடும். அதனால் எல்லா டவர்களின் கடிகாரங்களும் 1.5 மைக்ரோ செகண்டுக்கு மேல் விலகக் கூடாது என்பது விதி.

அடுத்தது தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோ செகண்ட் ஆகும். 5ஜியில் ஒரு ‘ஸ்லாட்’ என்பது பொதுவாக அரை மில்லி செகண்ட். சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டில் 1,000 கிலோமீட்டர் என்று வைத்தால், கேள்வி போய்ச் சேரவே 5 மில்லி செகண்ட். அதற்குள் 10 ஸ்லாட் கடந்துவிடும். அதனால்தான் ரேடியோ கணக்குகளைப் போடும் கம்ப்யூட்டர், ஆன்டெனாவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். ராயபுரத்தில் ஒரு சின்ன அறையில் அதை வைத்தால் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரை சமாளிக்கலாம். பெங்களூரில் வைத்தால் முடியாது. பணம் போட்டாலும் ஒளி வேகமாக ஓடாது.

வெயில்

1980களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு டிஜிட்டல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பிரான்சின் அல்காடெல்லிடமிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்து வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் பெரிய நகரங்களின் ஏசி அறைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. 1984 ஆகஸ்டில் சி-டாட் தொடங்கப்பட்டது. 36 மாதம், 36 கோடி ரூபாய் என்ற கெடுவோடு. சாம் பிட்ரோடாவின் பெயரோடு சேர்த்து நினைவுகூரப்படும் அந்த முயற்சியின் முதல் பெரிய பலன் 128 இணைப்புக் கிராமப்புற எக்ஸ்சேஞ்ச். 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் அது முதலில் ஓடத் தொடங்கியது.

வேகத்தில் அது உலகச் சாதனை எதுவும் செய்யவில்லை. ஏசி இல்லாமல், தூசியில், ஒழுங்காக வராத கரண்டில், தபால் ஆபீஸ் மூலை போன்ற ஒரு அறையில் ஓடியது. அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ போதுமானதாக இருந்தது. குறைந்த மின்சாரம் இழுக்கும் பாகங்களைத் தேர்ந்தெடுத்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் ஏசி வேண்டாம், ஏசி வேண்டாம் என்றால் கிராமத்துக்குப் போகலாம். இந்த ஒரு சங்கிலிதான் அதன் வடிவமைப்பின் சாரம்.

1990களில் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி, திமோதி கோன்சால்வெஸ் குழுவினர் மிடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து கார்டெக்ட் என்ற கம்பியில்லா டெலிபோன் அமைப்பைச் செய்தார்கள். அதில் ஒரு அழகான முடிவு இருக்கிறது. இன்டர்நெட்டுக்காக வரும் அழைப்பை உள்ளூர் எக்ஸ்சேஞ்சிலேயே பிரித்து நேரே இணையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மணிக்கணக்கில் நீளும் இணைய அழைப்பு டெலிபோன் லைன்களை அடைத்துக்கொள்ளாது. எட்ஜ் என்ற சொல் நம் காதில் விழுவதற்கு முன்பே விளிம்பில் வைத்துப் பிரிக்கிற வேலையை அடையாறு கரையில் செய்துவிட்டார்கள்.

சிப்புகள்

சரி, இப்போ கடையில் என்ன கிடைக்கிறது?

இன்டெல் 2015இல் ஜியான் டி வரிசையைக் கொண்டுவந்தது. முதல் மாடல்களில் 8 கோர், 45 வாட். பெரிய சர்வரின் குணங்களைச் சின்ன உடம்பில் அடக்கி, நெட்வொர்க் இணைப்பையும் சிப்புக்குள்ளேயே வைத்தார்கள். 2022இல் அதன் புதிய தலைமுறை 20 கோர் வரை வந்தது. 5ஜி ரேடியோவில் அதிக உழைப்பு கேட்கும் வேலை பிழைதிருத்தக் கணக்கு, அதாவது காற்றில் சிதைந்து வந்த பிட்டுகளைச் சரிசெய்து எடுப்பது. சாதாரண கோர்களில் அதைப் போட்டால் கரண்ட் வீண். அதனால் 2023இல் நான்காம் தலைமுறை ஜியானில் அதற்கென்று தனி ஆக்சிலரேட்டரைச் சிப்புக்குள்ளேயே சேர்த்தது இன்டெல்.

ஏஎம்டியின் பதில் 2023 செப்டம்பரில் வந்த எபிக் 8004. சிறிய கோர்களை நிறைய அடுக்கிய சிப் இது. 8 முதல் 64 கோர் வரை. 64 கோர் மாடலே 200 வாட்தான், அதன் தொலைத்தொடர்பு வடிவம் 175 வாட். மைனஸ் 5 டிகிரி முதல் 85 டிகிரி வரை சிப்பின் மேற்பரப்பு தாங்கும் என்று தனி மாடல்கள் கொடுத்தார்கள். ரேடியோவின் பிழைதிருத்தத்துக்கு உள்ளே தனிப் பகுதி கிடையாது. வேண்டுமென்றால் கூடுதல் கார்டு செருக வேண்டும். வீடியோ அலசல், உள்ளூர் டேட்டாபேஸ் மாதிரியான வேலைகளுக்கு இது பொருத்தம். ரேடியோ கணக்குக்கு இன்டெல்லின் வழி வசதி.

ஆர்ம் பக்கத்தில் 2020இல் வந்த ஆம்பியர் ஆல்ட்ரா 80 கோர் வரை கொண்டது. ஒரு கோரில் ஒரே வேலைதான் ஓடும், இரண்டு வேலைகள் பங்குபோட்டுக்கொள்ளாது. இதில் என்ன பெரிய விஷயம்? கடற்கரை – கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் 2 நிமிடம் லேட்டானால் எண்ணூரில் ஷிப்டுக்குப் போகிறவர் பழகிக்கொள்வார். மாதத்தில் ஒரே ஒரு நாள் 40 நிமிடம் லேட்டானால் அன்றைக்குச் சம்பளம் போச்சு. சராசரி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அவரை அடிப்பது அந்த ஒரு நாள். அரை மில்லி செகண்டுக்குள் முடிக்க வேண்டிய ரேடியோ வேலையும் அப்படித்தான். பெஞ்ச்மார்க் பெரும்பாலும் சராசரியைச் சொல்லும். கேட்க வேண்டியது மிக மோசமான தாமதம் எவ்வளவு என்று.

நோக்கியாவும் சாம்சங்கும் மார்வெல் நிறுவனத்தின் பிரத்யேக சிப்புகளைப் பயன்படுத்துகின்றன. எரிக்சன் தானே வடிவமைக்கிறது. பொதுவான சர்வர்களிலேயே முழு நெட்வொர்க்கையும் ஓட்டலாம் என்று 2020 ஏப்ரலில் ஜப்பானில் ராகுட்டன் காட்டிவிட்டது. பிரத்யேக சிப் கரண்டை மிச்சப்படுத்தும். பொது சர்வர் நாளைக்கு வேறு வேலைக்கும் ஆகும். இரண்டில் எது என்பதை அந்த இடம்தான் சொல்ல வேண்டும்.

இடம்

அப்போ அந்த இடத்தைப் பார்ப்போம். துறைமுகத்திலிருந்து எண்ணூர் விரைவுச் சாலை வழியாக வடக்கே போனால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை. உப்புக் காற்று எதையும் விடாது. மின்விசிறி வைத்த சர்வர் பெட்டி அந்தக் காற்றை உள்ளே இழுத்து போர்டு முழுக்கப் பூசிக்கொள்ளும். விசிறி இல்லாமல், மூடிய பெட்டியின் உலோகத்தின் வழியாகவே சூட்டை வெளியேற்ற வேண்டும் என்றால் 200 வாட் சிப் கஷ்டம். 45 வாட் சிப்புக்கு வழி உண்டு. சி-டாட்டின் அதே சங்கிலி.

கரண்ட் கணக்கும் போட்டுவிடலாம். டெலிகாம் கருவிகள் 48 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. ஒரு டவரில் 600 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கிறது என்று கொள்வோம். 28.8 யூனிட். டவர் 2 கிலோவாட் இழுத்தால் ஏட்டுக் கணக்கில் 14 மணி நேரம் வரும். அதில் 500 வாட் சர்வர் ஒன்றைச் சேர்த்தால் 11.5 மணி நேரம்தான். நல்ல நாளில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில், மிக்ஜாம் புயலில், சென்னையின் பல பகுதிகளில் கரண்டும் போய் சிக்னலும் போனபோது தெரிந்தது. அத்திப்பட்டில் அனல்மின் நிலையம், எண்ணூரில் 1970 முதல் 2017 வரை ஓடிய இன்னொரு அனல்மின் நிலையம் என்று ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்துச் சாம்பலை வாங்கிக்கொண்ட பகுதி இது.

யாருக்காக

அதே மாதம் 26ஆம் தேதி, நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் பக்கத்து மக்களை எழுப்பியது காற்றில் வந்த நெடி. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான், அக்டோபரில், சி-டாட் உருவாக்கிய செல் பிராட்காஸ்ட் எச்சரிக்கை தமிழ்நாட்டில் சோதிக்கப்பட்டிருந்தது. எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் அலறியது ஞாபகம் இருக்கும். குறிப்பிட்ட சில டவர்களின் கீழ் இருக்கிறவர்களுக்கு மட்டும், நம்பர் எதுவும் தெரியாமலேயே, நொடிகளில் செய்தி அனுப்பக்கூடிய தொழில்நுட்பம் அது. ஆனால் அந்தச் செய்தி புறப்பட ஓர் அதிகாரி முடிவெடுக்க வேண்டும். அவருக்குத் தகவல் போக வேண்டும். இரவு பன்னிரண்டு மணிக்கு இந்தச் சங்கிலியில் எத்தனை கண்ணி?

இந்தக் கரையில் எட்ஜ் சர்வர் வந்தால் முதலில் என்ன வேலை கிடைக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. கேட்டில் கன்டெய்னர் நம்பரைப் படிப்பது, கிரேன் ஓட்டுவது, லாரியை எண்ணுவது. செய்யட்டும், தப்பில்லை. லாரி வரிசை குறைந்தால் திருவொற்றியூருக்கும் நல்லதுதான். ஆனால் அதே பெட்டியில் இன்னொரு வேலைக்கும் இடம் இருக்கிறது. குழாய்ப் பாதையோரம் வாயு சென்சார்கள். அவற்றுக்கு 64 கோர் எல்லாம் வேண்டாம்; 2018இல் சென்னை ஐஐடியின் சக்தி திட்டத்தில் தயாரான வகைச் சின்ன புராசசர் ஒன்றே தாராளம். அளவு எல்லை தாண்டினால் சைரன் அங்கேயே ஒலிக்க வேண்டும், டெல்லிக்கும் கோட்டைக்கும் கேட்காமல். பக்கத்து எட்ஜ் சர்வர் காற்றின் திசையைப் பார்த்து எந்தத் தெரு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த நான்கு டவர்களின் கீழ் மட்டும் தமிழில் செய்தி அனுப்ப வேண்டும். இந்தக் கணக்கை இன்று கடையில் கிடைக்கும் எந்தச் சிப்பும் போடும்.

வன்பொருளில் தடை எதுவும் இல்லை. 1856இல் தொடங்கிய அந்தப் பாதையில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டருக்கு, வண்டியை நிறுத்த மேலிடத்தைக் கேட்காத அதிகாரம் விதிப்புத்தகத்திலேயே எழுதிக் கொடுக்கப்பட்டது. பெரியகுப்பத்தில் வைக்கும் பெட்டிக்கு அந்த அதிகாரத்தை யார், எந்த விதியில் எழுதித் தரப்போகிறார்கள் என்பதைத்தான் டெண்டரில் கோர் எண்ணிக்கைக்கு முன்னால் கேட்க வேண்டும்.