தப்பிய டாங்கிகள்: முதல் உலகப்போர் இரும்பு வண்டிகளுக்குப் பின்னால் நடந்தவை

முதல் உலகப்போருக்காகப் பிரிட்டன் கட்டிய மார்க் 4 டாங்கிகள் 1,220. இன்று மிஞ்சியிருப்பவை ஏழு. அதற்கு முந்தைய மார்க் 1, 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் உலகிலேயே முதன்முதலாகச் சண்டைக்கு இறங்கிய டாங்கி. அந்த ரகத்தில் 150 கட்டினார்கள், மிஞ்சியது ஒன்று. ஜெர்மனி கட்டிய ஏ7வி 20இலும் ஒன்றுதான் இருக்கிறது. இந்தக் கணக்கைப் பார்த்ததும் மற்றவை எல்லாம் குண்டுபட்டு அழிந்தன என்றே தோன்றும். களத்தில் பல அழிந்தது உண்மைதான். ஆனால் களத்திலிருந்து முழுசாகத் திரும்பியவையும் சமாதான காலத்தில் பழைய இரும்பாகப் போயின. தப்பிய சிலவற்றைக் காப்பாற்றியது அவற்றின் போர்ப்புகழ்தானா என்பதே இங்கே கேள்வி.

புகழ் காப்பாற்றும் என்றால் எக்பர்ட் இன்று இருந்திருக்க வேண்டும். 1917 இறுதியிலிருந்து போர்க்கடன் பத்திரம் விற்பதற்காக டாங்கிகளைப் பிரிட்டனில் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். தேர் பார்க்க வருவதுபோல ஜனம் திரண்டது. அவற்றில் பேர்பெற்றது எக்பர்ட். தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் அதிகம் பணம் திரட்டிய வெஸ்ட் ஹார்ட்டில்பூல் நகருக்கு அதைப் பரிசாகவே கொடுத்தார்கள். 1937இல் அது பழைய இரும்புக்குப் போனது. பேரீச்சம்பழத்துக்குப் போட்டார்கள் என்று நம் ஊரில் சொல்லியிருப்பார்கள். வெஸ்ட் ஹார்ட்டில்பூலைப் போல 260க்கும் மேற்பட்ட ஊர்கள் 1919 முதல் ஊருக்கொரு டாங்கி பெற்றன. கொடுத்த கையோடு உற்சாகம் தீர்ந்தது. மழையில் துருப்பிடித்து நின்ற வண்டி நகரசபைக்குச் சுமை. அகழியில் கிடந்து வந்தவர்களுக்கோ மறக்க நினைத்ததன் ஞாபகம். இருபதுகளிலும் முப்பதுகளிலும் ஒவ்வொன்றாக விற்றார்கள். மிச்சம் இருந்தவற்றில் பல, இரண்டாம் உலகப்போரின் இரும்பு வேட்டையில் உருக்காலைக்குப் போயின.

பரிசளித்த இடத்திலேயே இன்றும் நிற்பது கென்ட் மாவட்டத்து ஆஷ்ஃபோர்ட் நகர டாங்கி மட்டுமே. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். 1929இல் அதன் வயிற்றைக் காலி செய்து, உள்ளே மின்மாற்றியை வைத்து, அதைத் துணை மின்நிலையம் ஆக்கிவிட்டார்கள். ஊருக்கு விளக்கு எரிய வைக்கும் பெட்டியை யார் உடைத்து விற்பார்கள்? அறுபதுகளின் பிற்பகுதி வரை மின்மாற்றி உள்ளே இருந்தது. அதற்குள் டாங்கிக்கு அருங்காட்சிப்பொருள் என்ற மதிப்பும் வந்துவிட்டது.

மார்க் 1 தப்பிய கதை இன்னும் எளிது. 1916 தொடக்கத்தில் டாங்கியை ஓட்டிச் சோதித்தது ஹேட்ஃபீல்டில், சாலிஸ்பரி பிரபுவின் தோட்டத்தில். அதற்கு நன்றியாகப் போருக்குப்பின் ஒரு வண்டியை அவருக்கு அளித்தார்கள். இடப்பற்றாக்குறை இல்லாத பெரிய வீடு; அரை நூற்றாண்டு அங்கேயே நின்று பிறகு போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்துக்குப் போனது.

ஏ7வி வகையில் தப்பிய மெஃபிஸ்டோவைத் தூரம் காப்பாற்றியது. 1918 ஏப்ரல் 24 அன்று வில்லர்ஸ் பிரெட்டனோ சண்டையில் அது குழியில் சிக்க, ஜெர்மானியர் கைவிட்டுப் போனார்கள். ஜூலையில், குயின்ஸ்லாந்துக்காரர்கள் நிறைந்த ஆஸ்திரேலிய 26ஆம் பட்டாலியன் பிரிட்டிஷ் வண்டிகளின் துணையோடு அதை இழுத்து வந்தது. அதே சண்டையில் பிடிபட்ட இன்னொரு ஏ7வியான எல்ஃப்ரீடே பாரிஸின் கான்கார்ட் சதுக்கத்தில் காட்சிக்கு நின்றது, பிறகு உடைபட்டது. மெஃபிஸ்டோவோ கப்பலேறி 1919இல் பிரிஸ்பேன் சேர்ந்தது. சுமார் 30 டன் எடை. துறைமுகத்திலிருந்து குயின்ஸ்லாந்து அருங்காட்சியகம்வரை இரண்டு நீராவி ரோடு ரோலர்கள் அதை இழுத்துப்போயின. பல்லாண்டு வெளியே வெயிலில் நின்றது. 2011 வெள்ளம்கூட அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனது.

டெபோராவைக் காத்தது மண். 1917 நவம்பர் 20, காம்ப்ரே தாக்குதலின் முதல் நாள். பிளெஸ்கியேர் கிராமத்துக்குள் நுழைந்த, டெபோரா என்று பேர்கொண்ட டி51 எண் டாங்கியை ஜெர்மன் பீரங்கிக் குண்டுகள் துளைத்தன. எட்டுப் பேரில் ஐவர் மாண்டனர். தலைமை ஏற்றிருந்த ஃபிராங்க் ஹீப் உயிரோடு திரும்பினார். பிறகு அந்த வண்டியை ஜெர்மானியர் ஒரு குழிக்குள் தள்ளிப் புதைத்துப் பதுங்குமிடம் ஆக்கிக்கொண்டார்கள். உள்ளூர்க்காரரான ஃபிலிப் கோர்சின்ஸ்கிக்கு இதைச் சொன்னவர் ஒரு மூதாட்டி. ரஷ்யக் கைதிகள் டாங்கியைக் குழிக்குள் தள்ளுவதைச் சிறுமியாக இருந்தபோது பார்த்தவர். ஆறேழு ஆண்டுத் தேடலுக்குப்பின் 1998 நவம்பரில் வண்டி வெளிப்பட்டது. காகித ஆவணத்தையே பெரிதாக நம்பும் ஆய்வாளர்கள் இந்த ஒரு வாய்மொழிச் சாட்சியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கிழிந்த தகடுகளைச் சீர்செய்யாமல், கிடைத்த கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள். 2017 நவம்பரில் அதற்கென்று பிளெஸ்கியேரில் அருங்காட்சியகம் திறந்தது. அதை ஒட்டிய பிரிட்டிஷ் கல்லறைத் தோட்டத்தில்தான் அந்த ஐவரும் கிடக்கிறார்கள்.