குடியிருக்க ஒரு சீட்டு

அயல்நாடு சென்று சில ஆண்டுகள் தங்க விரும்புவோர் இன்று அந்நாட்டு அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுகின்றனர். கடவுச்சீட்டு, பிறப்புச் சான்று, காவல் துறையினரின் நன்னடத்தைச் சான்று, பிழைப்புக்கு வழியுண்டு என்று காட்டும் வருவாய்ச் சான்று ஆகியவற்றை அதனுடன் இணைப்பது பெரும்பாலான நாடுகளில் வழக்கமாகும். கரிபியக் கடல் தீவுகளும் இதற்கு விலக்கல்ல. அத்தாள்களின் உள்ளே இருப்பவை நான்கு கேள்விகளே. நீ யார்? ஒழுக்கமாக நடப்பவனா? உன் சோற்றுக்கு வழி உண்டா? எத்தனை நாள் இருப்பாய்?

இந்த நான்கு கேள்விகளும் நேற்றுப் பிறந்தவை அல்ல. நம் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிப் பிரெஞ்சுக் கரிபியத் தீவுகளை அடைந்த ஏழைத் தமிழர்களிடம், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இவை கேட்கப்பட்டன. அவர்கள் அளித்த விடைகளையும், அவற்றுக்காக அவர்களும் அவர்கள் மக்களும் கொடுத்த விலையையும் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

1848-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 27-ஆம் நாள் பிரெஞ்சுக் குடியரசு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. குவாதலூப், மர்த்தினிக் ஆகிய தீவுகளின் செல்வம் முழுவதும் கரும்பில் இருந்தது. விடுதலை பெற்ற மக்களுள் பலர், தம் முதுகில் சாட்டை விழுந்த அதே தோட்டங்களில் மீண்டும் உழைக்க விரும்பவில்லை. சிறு காணிகளில் தமக்கென்று பயிரிடுவதையே அவர்கள் நாடினர். கரும்பு முற்றி நின்றது. வெட்ட ஆள் இல்லை. தோட்ட முதலாளிகளின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பியது. இந்துமாக் கடலிலுள்ள ரெயூனியோன் தீவுக்கு 1828-ஆம் ஆண்டிலேயே ஏனாமிலிருந்து தொழிலாளர் சிலரைக் கொண்டுசென்ற அனுபவம் பிரெஞ்சுக்காரர்களுக்கு இருந்தது. 1852-இல் குடியேற்றத்துக்கான விதிகள் வகுக்கப்பட்டன. 1853-ஆம் ஆண்டு மே மாதம் 'ஒரெலி' என்னும் பாய்மரக் கப்பல் முதல் இந்தியரை மர்த்தினிக்கில் இறக்கியது. 1854-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் அதே கப்பல் குவாதலூப்பின் புவாந்த்-அ-பீத்ர் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்கள் முந்நூற்றுக்குச் சற்று மேற்பட்டோர். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி ஏறக்குறைய மூன்று மாதம் செல்லும் பயணம் அது.

இவர்கள் எவ்வூரினர்? பெரும்பாலோர் பிரெஞ்சு மண்ணில் பிறந்தவர்கள் அல்லர். அக்காலத்துப் புதுச்சேரி நிலப்பரப்பு ஒரே துண்டாக இருந்ததில்லை. பிரெஞ்சு ஊர்களும் ஆங்கிலேயரின் தென்னார்க்காட்டு மாவட்டத்து ஊர்களும் சதுரங்கக் கட்டங்கள்போல் ஒன்றனுள் ஒன்று கலந்து கிடந்தன. நான் வாழும் தவளக்குப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் நெடுஞ்சாலையில், அரியாங்குப்பத்துக்குத் தெற்கே உள்ளது இவ்வூர். இங்கிருந்து கடலூரை நோக்கிச் சில நாழிகை நடந்தால் எல்லையைக் கடந்துவிடலாம். எல்லையின் அப்பால் ஆங்கிலக் கும்பினியின் ஆட்சி. இப்பால் பிரெஞ்சு ஆட்சி. வானம் பொய்த்த ஆண்டில் வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த உழவனுக்கு அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியவா போகிறது? ஆள் சேர்க்கும் மேஸ்திரிக்கு மட்டும் அது நன்றாகத் தெரியும். எல்லையைத் தாண்டி அழைத்துவந்துவிட்டால் ஆங்கில அதிகாரியின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

தங்கள் குடிகள் இவ்வாறு கேட்பாரற்றுக் கப்பலேறுவதை ஆங்கிலேயர் ஆட்சேபித்தனர். பேச்சுவார்த்தைகளின் முடிவில் 1861-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் நாள் இரு அரசாங்கங்களுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆங்கில இந்தியாவில் ஆள் சேர்க்கப் பிரெஞ்சுக்காரர்களுக்கு இசைவு கிடைத்தது. அதற்கு ஈடாக, கப்பலேறும் துறைமுகங்களில் ஆங்கில அரசின் பிரதிநிதி ஒருவர் இருந்து, ஒவ்வொருவரும் தம் விருப்பத்துடன் செல்கின்றாரா, ஒப்பந்தத்தையும் செல்லும் இடத்தையும் அறிந்திருக்கின்றாரா என்று விசாரிக்க வேண்டும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டுக்கு மேற்படலாகாது; வாரத்தில் ஆறு நாளுக்கு மேலும், நாளொன்றுக்கு ஒன்பதரை மணிக்கு மேலும் வேலை வாங்கலாகாது; காலம் முடிந்தபின் இலவசமாகத் தாயகம் திரும்பும் உரிமை உண்டு; அவ்வுரிமை மனைவிக்கும், தீவில் பிறந்த குழந்தைகளுக்கும் உரியது. எழுத்தில் பார்த்தால் இவை நல்ல விதிகளே.

மாணவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது, ஐந்தாண்டு முடிந்தபின் என்ன என்பது. உடன்படிக்கை மூன்று வழிகளைக் காட்டியது. முதல் வழி, கப்பலேறித் தாயகம் திரும்புவது. இரண்டாம் வழி, மீண்டும் ஒப்பந்தம் செய்துகொள்வது. அவ்வாறு செய்தால் ஒரு வெகுமதித் தொகை உண்டு, திரும்பும் உரிமையும் கைவிட்டுப் போகாது. மூன்றாம் வழி, எந்த முதலாளிக்கும் கட்டுப்படாமல் தீவிலேயே சுதந்திரமாகத் தங்குவது. இதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்பவன் இரண்டைக் காட்டியாக வேண்டும்: ஒழுங்கான நடத்தை, பிழைப்புக்குரிய வழி. அனுமதி கிடைத்த அந்நாளே இலவசமாக ஊர் திரும்பும் உரிமை அற்றுப் போகும்.

இன்றைய விண்ணப்பத்தாளில் உள்ள நன்னடத்தைச் சான்றும் வருவாய்ச் சான்றும் அன்றைய உடன்படிக்கையில் இருந்ததைப் பாருங்கள். ஆனால் இன்றைய விண்ணப்பதாரர் பெரும்பாலும் கையில் காசுடனும் திரும்பும் பயணச்சீட்டுடனும் செல்பவர். அன்றைய ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை என்ன? குவாதலூப்பில் ஆண் ஒருவனுக்கு மாதக் கூலி பன்னிரண்டரைப் பிராங்கு. அவன் தானாக வேலைக்கு வாராத நாள்கள் கணக்கிடப்பட்டு ஒப்பந்தக் காலத்துடன் சேர்க்கப்பட்டன. ஆகவே ஐந்தாண்டு என்பது ஐந்தாண்டில் முடிவதில்லை. பிழைப்புக்கு வழி காட்டு என்றால், தோட்டத்துக்கு வெளியே அவன் எதைக் காட்டுவான்? ஒழுங்கான நடத்தை என்றால், அதற்குச் சாட்சி சொல்பவர் யார்? வேலைப் புத்தகமோ தங்கும் சீட்டோ இன்றிச் சாலையில் நடமாடியவனை ஊர்சுற்றி என்று பிடித்துச் செல்லவும் சட்டம் இடம் தந்தது. எனவே மூன்றாம் வழி தாளில் அகலமாக இருந்தது. நடந்து பார்த்தவர்களுக்கோ அது ஒற்றையடிப் பாதையாகவே இருந்தது. பலர் மீண்டும் ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்தனர்.

எல்லோரும் ஏமாற்றப்பட்டே சென்றனர் என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தின் கொடுமையை எண்ணிப் பார்த்தால், தெரிந்தே கப்பலேறியவர்களும் இருந்திருப்பர் என்பது விளங்கும். பட்டினிக்கும் கடலுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுத்தவனின் சம்மதத்தை எவ்வளவு தூரம் சம்மதம் என்று கொள்வது? இதை நீங்களே சிந்தித்து முடிவு செய்யுங்கள்.

1889-ஆம் ஆண்டு சனவரியில் கடைசிக் கப்பல் வந்து சேரும் வரை, குவாதலூப்புக்குச் சென்றோர் ஏறத்தாழ 42,000 பேர். 1883 வரை மர்த்தினிக்குக்குச் சென்றோர் 25,000-க்கு மேற்பட்டோர். பிரெஞ்சுக் கயானாவில் சாவு மிகுதியாக இருந்ததால் 1876-இலேயே ஆங்கிலேயர் அங்கு ஆள் அனுப்புவதை நிறுத்தினர். 1888-இல் குவாதலூப்புக்கும் தடை விதித்தனர். குவாதலூப் சென்றவர்களுள் நான்கில் ஒரு பங்கினருக்கும் குறைவானோரே தாயகம் திரும்பினர். நோயாலும் உழைப்பாலும் மாண்டவர் மிகப் பலர். எஞ்சியவர் அங்கேயே வேரூன்றினர். அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள்.

இங்கேதான் நான்கு கேள்விகளுள் முதற் கேள்வி மீண்டும் தலைதூக்கியது. நீ யார்?

தந்தை தற்காலிகமாகத் தங்க வந்த ஒப்பந்தக்காரன், ஆங்கிலேயரின் குடி. மகனோ குவாதலூப் மண்ணில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, பிரெஞ்சும் கிரெயோலும் பேசுபவன். அவன் பிரெஞ்சுக் குடிமகனா, அயலானா? 1889-ஆம் ஆண்டு ஜூன் மாதத்துப் பிரெஞ்சுக் குடியுரிமைச் சட்டம், அயலார்க்குப் பிரெஞ்சு மண்ணில் பிறந்து, வயது வந்தபோது அங்கேயே வாழும் பிள்ளைகளைப் பிரெஞ்சுக்காரராகக் கொண்டது. அச்சட்டம் குவாதலூப், மர்த்தினிக், ரெயூனியோன் ஆகிய தீவுகளுக்கும் பொருந்தும் என்று அதிலேயே கூறப்பட்டிருந்தது. ஆயினும் அதிகாரிகள் இந்தியர் மக்களுக்கு வாக்குரிமை தரத் தயங்கினர்.

இந்நிலையில் ஆன்றி சிதம்பரம் என்பவர் முன்வந்தார். இந்தியப் பெற்றோருக்கு 1863-இல் குவாதலூப்பின் கபெஸ்தேர் என்னும் ஊரில் பிறந்தவர் அவர். 1904-ஆம் ஆண்டு, இந்தியர் மக்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அவர் வாதாடினார். தீவின் ஆளுநராக இருந்த தெ லா லோயேர் பிரபு அதனை எதிர்த்தார். வழக்கு நடந்தது, ஆண்டுகள் ஓடின, இடையில் ஓர் உலகப் போரும் வந்து சென்றது. சிதம்பரம் சோர்வடையவில்லை. கிளர்ச்சிக் கூட்டம் திரட்டவோ தோட்டங்களுக்குத் தீ வைக்கவோ அவர் முயலவில்லை. சட்டத்தைப் படித்தார், சட்டத்தின் சொல்லைக் கொண்டே அரசாங்கத்தைக் கேட்டார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 1923-இல், புவான்காரே பிரான்சின் பிரதமராக இருந்தபோது, இந்தியர் வழிவந்தோரின் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் ஒப்புக்கொள்ளப்பட்டன. வழக்குத் தொடங்கியபோது நாற்பது வயதினராக இருந்தவர், முடிவைக் கண்டபோது அறுபதை எட்டியிருந்தார். 1952-இல் அவர் காலமானார்.

இதே காலத்தில் புதுச்சேரியில் நிலைமை எவ்வாறிருந்தது? பிரெஞ்சு இந்தியாவின் ஆடவர்க்கு 1871 முதல் பாரிசு நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பும் வாக்குரிமை இருந்தது. 1881-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்து ஆணையின்படி, தம் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கவும் அவர்களுக்கு வழி திறந்தது. பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' என்னும் குடும்பப் பெயர் பூண்டது இவ்வாறே. அஃதாவது, எல்லைக்கு இப்பால் பிறந்த தமிழன் ஊரில் இருந்தபடியே பிரெஞ்சு வாக்காளன் ஆனான். எல்லைக்கு அப்பால் பிறந்து கடல் கடந்து சென்று, பிரெஞ்சுக் கரும்புக்குத் தன் வாழ்நாளைக் கொடுத்தவனின் மகனோ, அவ்வுரிமைக்காக 1923 வரை காத்திருந்தான். இருவருடைய பாட்டன்மாரின் ஊர்களுக்கும் இடையே சில நாழிகைத் தொலைவே இருந்திருக்கலாம்.

கதை இத்துடன் முடியவில்லை. 1946-இல் குவாதலூப்பும் மர்த்தினிக்கும் பிரான்சின் மாவட்டங்களாயின. இங்கோ 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுச்சேரியின் ஆட்சி இந்திய அரசிடம் வந்தது. 1956-இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது, இவ்வூர்களில் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிகள் இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்போர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பது விதி. அறிவித்தவர் சிலர், அறிவிக்காதவர் மிகப் பலர். அதன் விளைவை இன்றும் காணலாம். ஒரே தெருவில் வாழும் இருவர் குவாதலூப் சென்று வாழ விரும்பினால், பாட்டனார் 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்து, அது வழிவழியாக வந்திருந்தால், ஒருவர் எவ்வகை அனுமதியும் இன்றிச் சென்று குடியேறலாம். மற்றவர் நுழைவிசைவுக்கும் தங்கும் அனுமதிக்கும் விண்ணப்பம் எழுதி, நான்கு கேள்விகளுக்கும் விடை கூறிக் காத்திருக்க வேண்டும்.

இன்று குவாதலூப்பில் சிதம்பரம், முத்துசாமி, ராமசாமி முதலிய பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் குடும்பப் பெயர்களாக வாழ்கின்றன. எர்னஸ்ட் முத்துசாமி 1981-இல் அத்தீவிலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே மாரியம்மன் வழிபாடு நிகழ்கின்றது. 'கொலொம்போ' என்று அம்மக்கள் விரும்பி உண்ணும் மசாலா உணவின் பெயரில் நம் குழம்பு ஒளிந்திருக்கின்றது என்பர். ஐந்தாண்டுச் சீட்டுடன் சென்றவர்களின் வழியில் வந்தோர் ஒரு நாட்டின் குடிமக்களாக நிமிர்ந்து நிற்கின்றனர்.

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை வேலை நாடியோ கல்வி நாடியோ கடல் கடப்பீர்கள். அப்போது உங்கள் கையில் ஒரு தாள் தரப்படும். அதில் எத்தனை ஆண்டு என்று எழுதியிருக்கின்றது, எந்த வேலைக்கு என்று எழுதியிருக்கின்றது, காலம் முடிந்தால் என்ன, எதைப் பெறும்போது எதை இழக்கிறோம் என்பவற்றைப் படித்தறிந்த பின்னரே கையொப்பம் இடுங்கள். நம் முன்னோருள் பலருக்கு அத்தாளைப் படிக்கும் எழுத்தறிவு வாய்க்கவில்லை. ஆதலால் வாழ்நாள் முழுவதையும் அதற்கு ஈடாகக் கொடுத்தனர். அவர்கள் மகன் ஒருவன் படித்தான். ஒரு சமூகத்துக்கே குடியுரிமை வந்தது. நாம் கற்கும் எழுத்துக்கு இவ்வளவு ஆற்றல் உண்டு. அதே வேளையில், நம் ஊருக்குப் பிழைப்புத் தேடிப் பிற மாநிலங்களிலிருந்து வந்து, கட்டட வேலையிலும் உணவு விடுதிகளிலும் உழைப்போரைக் காணும்போது, புவாந்த்-அ-பீத்ர் துறையில் மூட்டையுடன் இறங்கிய நம்மவரையும் சற்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்கும் குரலில் கனிவு சேரும்.