தானே ஒலிக்கும் மணி: கான்டன் கடிகாரமும் சென்னைப் பட்டணத்துக் கடனும்

முன்னுரை

அரும்பொருள் சேகரிப்போர் அயல்நாடுகளில் தேடி வாங்கும் பொருள்களுள் பழைய சீன அலங்காரக் கடிகாரமும் ஒன்று. கலை வரலாறு இதனை ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் இடையிலான பரிமாற்றத்தின் விளைவாகவே பெரிதும் காண்கிறது. அப்பரிமாற்றத்தின் பின்புலத்தில் சென்னைப் பட்டணத்துப் பணம் இயங்கியதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கையுறையான கடிகாரம்

1601இல் மத்தேயோ ரிச்சி பெய்ஜிங்கில் வான்லி பேரரசருக்குக் கடிகாரங்களை அளித்தார். 'தானே ஒலிக்கும் மணி' எனப் பொருள்படும் பெயரால் சீனர் அவற்றை அழைத்தனர். 1757க்குப் பின் ஐரோப்பியரின் கடல் வணிகம் கான்டன் துறைமுகத்துக்குள் அடக்கப்பட்டது. இலண்டனின் ஜேம்ஸ் காக்ஸ் போன்றோர் செய்த கடிகாரங்கள் அங்கு வந்திறங்கின. கான்டன் பட்டறைகளும் எனாமல் பூச்சும், அருவிபோல் தோன்றும் சுழல் கண்ணாடித் தண்டுகளும் கொண்ட கடிகாரங்களைச் செய்தன. அதிகாரிகள் இவற்றைப் பேரரசருக்குக் கையுறையாக அனுப்பினர். உயர்விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக்குத் தரும் சுமை ஹாங் வணிகர்மீது விழுந்தது.

சென்னையின் கடன்

பணத்தட்டுப்பாட்டில் இருந்த ஹாங் வணிகர்க்குச் சென்னை ஆங்கிலேயர், ஜார்ஜ் ஸ்மித் போன்ற தனி வணிகர் வழியாக, ஆண்டுக்கு 18 முதல் 20 விழுக்காடு வட்டிக்குக் கடன் தந்தனர். உண்மையில் கைமாறியது ஏறத்தாழ 11 இலட்சம் டாலர். 1779இல் அது வட்டியுடன் 38 இலட்சமாகப் பெருகியிருந்தது. அவ்வாண்டு கடற்படைத் தளபதி எட்வர்டு வெர்னன், கேப்டன் பான்டனைச் 'சீ ஹார்ஸ்' கப்பலில் கான்டனுக்கு அனுப்பிக் கடனைக் கோரினார். 1780இல் சீன அரசு கடன்பட்ட இரு வணிகரை இலி பகுதிக்கு நாடுகடத்தியது; குறைக்கப்பட்ட தொகையை ஏனைய ஹாங் வணிகர் பத்தாண்டுகளில் செலுத்த ஆணையிட்டது.

முடிவுரை

இக்கடன் முழுவதற்கும் கடிகாரமே காரணம் எனல் பொருந்தாது. தேயிலை வணிகத்தின் தேவைகளும் கூட்டுவட்டியும் அதனைப் பெருக்கின. எனினும், ஹாங் வணிகரை நலிவித்த கையுறைச் சுமையின் கண்கூடான வடிவம் கடிகாரமே. மேலும், சென்னைக் கம்பெனி ஊழியரின் செல்வத்துக்கு ஆர்க்காடு நவாபுக்குத் தந்த கடன் ஒரு முதன்மை ஊற்று. அதற்கு ஈடாக நின்றது கர்நாடகத்தின் நிலவரி. எனவே மயிலாப்பூர், அடையாறு பகுதிகளில் ஐரோப்பியர் எழுப்பிய தோட்ட வீடுகளையும், பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்துக் கடிகாரங்களையும் தனித்தனியே படிப்பது போதாது. இரண்டையும் தமிழக உழவரின் வரியோடு இணைத்து ஆராய்வது இனிச் செய்யவேண்டிய பணியாகும்.