குழந்தைக்கு நேரும் தீங்கும் அறிந்தவரின் சட்டக் கடமையும்

கண்ணெதிரே ஒரு குழந்தை கிணற்றில் விழுந்தால், அதற்குத் தொடர்பில்லாத ஒருவர் குதித்துக் காப்பாற்றியே ஆகவேண்டும் என்ற பொதுக் கட்டளை இந்தியச் சட்டத்தில் இல்லை. பெற்றோர், ஆசிரியர், விடுதிக் காப்பாளர் போன்று பொறுப்பில் இருப்பவர்களுக்கே அந்தக் கடமை உண்டு. இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தின் வழிவந்த மரபு இது. ஜெர்மனியில், தம்மால் இயன்ற உதவியைச் செய்யாமல் போவதே குற்றம்; ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் மட்டும் இந்திய நிலை அடியோடு மாறியது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு ‘எவரும்’ என்கிறது. பக்கத்து வீட்டுக்காரர், ஆட்டோ ஓட்டுநர், சொந்தப் பாட்டி என எல்லாரும் அதில் அடக்கம். குற்றம் நடந்தது தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலே காவல் துறையிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தம் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். வாய் திறக்காத குழந்தைக்குத் தண்டனை கிடையாது.

‘நமக்கேன் வம்பு, சந்தேகம் தப்பாகிவிட்டால்?’ என்ற தயக்கம்தான் பலரின் வாயைக் கட்டுகிறது. சட்டம் அதை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது: நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மேல் வழக்குத் தொடுக்க முடியாது. சொன்னதைக் காவலர் பதிவெண்ணிட்டு எழுதி, சொன்னவருக்கே படித்துக் காட்ட வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடி மாணவியர் விடுதியில் சிறுமிகள் வன்கொடுமைக்கு ஆளானது அவர்களுக்குச் சிகிச்சையளித்த மருத்துவருக்குத் தெரிந்திருந்தும் அவர் தகவல் தரவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டது. உயர் நீதிமன்றம் அவர் மீதான வழக்கை ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி, தெரிந்தும் சொல்லாமலிருப்பது கடுமையான குற்றம் என்றது.

ஆனால் இதே 19ஆம் பிரிவு, இருவரும் விரும்பிப் பழகியதில் கருவுற்ற 17 வயதுப் பெண்ணை மருத்துவமனைப் பக்கமே வராமல் விரட்டவும் செய்தது. சம்மதத்துக்கான வயது வரம்பு 18 என்பதால் மருத்துவர் காவல் துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி திறந்தது: கருக்கலைப்பை நாடும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் சொல்லத் தேவையில்லை.

பாலியல் குற்றங்களுக்கு வெளியே, ஆதரவற்றோ வழிதவறியோ நிற்கும் குழந்தையைத் தம் பொறுப்பில் எடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அடுத்த வீட்டில் அன்றாடம் அடி வாங்கும் குழந்தைக்குப் போக்சோவின் இந்தக் கட்டாயம் பொருந்தாது. ஆயினும் 1098 என்ற கட்டணமில்லா எண்ணில் அதையும் யாரும் தெரிவிக்கலாம்.